குன்னூரில் வால்ட்ஸ் பழகும் ஞாயிறுகள்

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து அடைமழை, இருந்தும் வால்ட்ஸ் மாதிரி மேற்கத்திய ஜோடி நடனங்கள் பழகும் எங்கள் ஹாலில் நல்ல கூட்டம். வழக்கம்போலப் பெண்கள்தான் அதிகம். ஜோடி கிடைக்காதவர்கள் சுவரோரம் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசே கேட்கவில்லை, அதனால் இன்று நேராக மாஸ்டரிடம் போய், நான் லீட் செய்யப் பழகுகிறேன், அதாவது வழக்கமாக ஆண்கள் செய்வதுபோல ஜோடியை வழிநடத்தி ஆடப் பழகுகிறேன் என்று சொல்லிவிட்டேன். "தாராளமாப் பழகும்மா, ஆனா வால்ட்ஸை முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார்.

பாக்ஸ் ஸ்டெப், கால்கள் தரையில் ஒரு சதுரம் போடும் அடி. இத்தனை நாளும் வலது காலைப் பின்னால் வைத்துத் தொடங்கியவள், இனி இடது காலை முன்னால் வைக்க வேண்டும். ஒன்றுக்கு முன்னால், இரண்டுக்குப் பக்கவாட்டில், மூன்றுக்குக் கால் சேர்ப்பது. அது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. வழி பார்ப்பதுதான் புதுசு. வால்ட்ஸில் எல்லா ஜோடிகளும் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் ஹாலைச் சுற்றி வருவார்கள், எதிரே இருப்பவர் பாதி நேரம் பின்னோக்கியே போவார், அவருக்கும் சேர்த்து நான்தான் பார்க்க வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று என் ஜோடி கோத்தகிரிப் பக்கத்துப் படுக அக்கா. ஊர்த் திருவிழாவில் வட்டமாக ஆடிப் பழகிய கால், தாளம் அவருக்குத் தானாக வருகிறது.

அவருடைய இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே என் வலது உள்ளங்கை, அவர் இடது கை என் மேல்கையின் மீது. மூன்றாவது எண்ணின் முடிவில் நான் நுனிக்காலில் எழும்பிய உயரத்திலிருந்து இறங்கி முழங்காலை லேசாகத் தளர்த்தினால், அடுத்த அடி வருகிறது என்று அவருக்கு அங்கேயே தெரிய வேண்டும். இரண்டு பேரும் தடி ஸ்வெட்டர் போட்டிருந்ததால் பாதிச் செய்தி கம்பளியிலேயே நின்றுவிட்டது. சரி என்று குளிரோடு குளிராகக் கழற்றி நாற்காலியில் போட்டோம். அடுத்த சுற்றிலேயே அக்கா, "கையில ஒண்ணும் தெரியலை, உன் நெஞ்சு நகர்றதுதான் தெரியுது" என்றார். மாஸ்டர் சொல்லும் லீட் அதுதான், நம் உடம்பு நகர்கிறது, அவர் கூடவே வருகிறார். இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் அங்கே வேலையே இல்லை. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

பெரிதாக ஒன்றுமில்லை, பழைய பாடமே. புதிதாக வருபவர்களுக்கு ஒன்று: ரப்பர் அடி ஷூ வேண்டாம். மரத்தரையில் அது பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பஜாரில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் பழைய ஷூவுக்கே மெல்லிய தோல் அடி வைத்துத் தருவார்.

நவம்பர் 23, ஞாயிறு

சா-சா-சா ஆரம்பம். 1950களின் தொடக்கத்தில் கியூபாவில் என்ரிகே ஹோரின் என்ற வயலின் கலைஞரின் இசையோடு பரவிய ஆட்டம் இது. வால்ட்ஸ் போல ஹாலைச் சுற்ற வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே ஆடலாம், சின்ன ஹாலுக்குத் தோதானது.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஜோடி மாறினோம். கல்லூரிப் பெண், எஸ்டேட் ஆபீஸில் ஓய்வு பெற்ற பெரியவர், அப்புறம் அக்கா. முன்பின் தெரியாதவரோடும் உடனே ஆட முடிவதற்குப் பொதுவான அடிகள் இருப்பதுதான் காரணம். லண்டனில் 1904ல் தொடங்கிய நடன ஆசிரியர் சங்கம் 1924ல் பால்ரூம் எனப்படும் ஜோடி நடனங்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்து அடிகளை வரையறுத்தது. 1922ல் உலக சாம்பியனான விக்டர் சில்வெஸ்டரும் அதில் இருந்தார். அந்த அடிகளில் லீட் ஆணுக்கு என்றே எழுதிவைத்தார்கள், அதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். எல்லோரும் இரண்டு பக்கமும் பழக வேண்டும். அந்தப் பெரியவர் இன்று என் லீடுக்குப் பின்னோக்கி ஆடிப் பார்த்தார், முடிந்ததும், "பின்னாடி போறவங்களுக்கு நான் எவ்வளவு நீட்டி அடி வச்சிருக்கேன்னு இப்பத்தான்மா தெரியுது" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்கும் அதே பக்கம் கேட்டு வாங்கினார்.

அடுத்த வாரம் ஃபாக்ஸ்ட்ராட். லீட் பழக இன்னும் மூன்று பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.