துப்பறியும் உடன்பிறப்புகள்

எங்கள் ஊர் வாசிகசாலையில் சிறுவர் நூல்களை அடுக்கும்போதெல்லாம், உடன்பிறந்தவர்கள் சேர்ந்து துப்பறியும் கதைகளே அதிகம் கசங்கியிருப்பதைக் காண்கிறேன். 1927இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹார்டி சகோதரர்கள் தொடரும், எனிட் பிளைட்டன் 1942 முதல் 1963 வரை எழுதிய 21 ‘ஃபேமஸ் ஃபைவ்’ நாவல்களும் இன்றும் வாசிக்கப்படுவதற்கு மர்மம் மட்டுமே காரணமென்று நான் நினைக்கவில்லை. (பின்னைய தொடரின் ஜோர்ஜ், அதில் வரும் ஜூலியன், டிக், ஆன் என்ற மூன்று உடன்பிறப்புகளுக்கும் தந்தையின் சகோதரருடைய மகள், நம் முறைப்படி அவளும் சகோதரியே.)

தனியாகத் துப்பறிபவர் தமது ஊகத்தை யாருக்காவது விளக்கியாக வேண்டும். உடன்பிறந்தவர்களோ ஒருவரையொருவர் மறுத்துச் சண்டையிடுகிறார்கள், அந்தச் சண்டையினூடாகவே தடயங்கள் வாசிக்கும் பிள்ளைக்கும் விளங்கிவிடுகின்றன. பெரியவர்கள் பொருட்படுத்தாத கடைக்குட்டியின் கண்ணில் முக்கியமான ஒன்று தென்படும்போது, வீட்டில் இளையவராகப் பிறந்த ஒவ்வொருவரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இக்கதைகளில் பெற்றோரைத் தொலைவில் நிறுத்துவது வழமையான உத்தி. போரில் பெற்றோரை இழந்து, அக்காவின் அல்லது அண்ணனின் கைபிடித்து வளர்ந்தவர்கள் பலர் வாழும் வன்னியில் அதை வெறும் உத்தியாக என்னால் வாசிக்க முடிவதில்லை. இரணைமடுக் குளக்கட்டிலும் பாலைமரக் காடுகளிலும் தடயம் தேடும் நம் பிள்ளைகளின் தொடரொன்றை, இங்குள்ள பேச்சுவழக்கிலேயே, யாராவது எழுத வேண்டுமென்று பெரிதும் விரும்புகிறேன்.