கண்ணுக்கு வெளியே இன்னொரு வளையம்

செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து ஹரிக்கேன் எனப்படும் கடும் புயல்களின் பலத்தை மதிப்பிடுவது என் வேலை. அறிக்கையில் 'வலு குறைந்துள்ளது' என்று எழுதும்போதெல்லாம் கை கொஞ்சம் தயங்கும். காற்றின் வேகம் குறைந்திருக்கும், உண்மைதான். ஏன் குறைந்தது என்று பார்க்காமல் அந்த வரியை அனுப்ப மனம் வராது.

அகச்சிவப்புப் படத்தில் தெரிவது மேகத்தின் உச்சி மட்டுமே. அதற்கு அடியில் நடப்பதை மைக்ரோவேவ் படம்தான் காட்டும். அந்தக் கருவிகள் துருவங்களைச் சுற்றும் செயற்கைக்கோள்களில் இருப்பதால் அடுத்த படத்துக்குச் சில சமயம் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். படம் வந்ததும் முதலில் தேடுவது, புயலின் நடுவே அமைதியாக இருக்கும் கண்ணை ஒட்டிய மழை வளையத்தை. அதுதான் கண்சுவர், உச்ச வேகக் காற்று அங்கேதான் வீசும். வலுவான புயல்களில் அதற்கு வெளியே, மழை குறைந்த ஓர் இடைவெளி விட்டு, இன்னொரு வளையம் மெல்ல மூடிக்கொள்வதுண்டு. உள்ளே போக வேண்டிய ஈரக்காற்றை அது வழியிலேயே எடுத்துக்கொள்ள, உள்வளையம் நலிந்து கரையும். வேகம் இறங்கும். அப்புறம் வெளிவளையம் சுருங்கினால் வேகம் திரும்பவும் ஏறும்.

2005 அக்டோபரில் வில்மா புயலின் கண் சுமார் 4 கிலோமீட்டராகச் சுருங்கி, மைய அழுத்தம் 882 மில்லிபாருக்கு இறங்கியது. பிறகு இப்படி உள்வளையத்தின் இடத்தை வெளிவளையம் பிடித்துக் கண்சுவர் மாறி, கண் பல மடங்கு விரிந்தது.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அதே ஆண்டின் கத்ரீனாதான். ஆகஸ்ட் 27 அன்று அதன் கண்சுவர் மாறியபோது, காற்று வீசிய பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. மறுநாள் வேகம் மணிக்கு சுமார் 280 கிலோமீட்டரைத் தொட்டது. 29 காலை லூசியானாவில் கரையைக் கடந்தபோது சுமார் 205 தான். எண்ணை மட்டும் பார்த்தவருக்கு அது ஆறுதலான செய்தி. ஆனால் அகன்ற புயல் தள்ளிய கடல்நீர் மிசிசிப்பிக் கரையில் 8 மீட்டருக்கும் மேல் ஏறியது.

இதற்கு நேர்மாறானது ஓட்டிஸ். 2023 அக்டோபரில் ஒரே நாளுக்குள் வெப்பமண்டலப் புயல் நிலையிலிருந்து, ஹரிக்கேன்களில் மிக உயர்ந்ததான ஐந்தாம் வகைக்கு ஏறி, மெக்சிகோவின் அகாபுல்கோ அருகே கரையைத் தாக்கியது. கணினி மாதிரிகள் அதை முன்கூட்டிக் காட்டவில்லை. அங்கிருந்த மக்களுக்குத் தயாராகக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அதனால் வேகம் இறங்கும் நாட்களில் என் குறிப்பு நீண்டுவிடும். வெளிவளையம் எவ்வளவு மூடியிருக்கிறது, பலத்த காற்று நான்கு திசையிலும் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதையெல்லாம் முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகே வேகத்தை எழுதுகிறேன்.