லினன் குர்தாவில் பீம்பேட்கா காட்டுப்பன்றி

லினன் துணியில் காவி பூசிப் பார்ப்பது எனக்குப் பழைய பழக்கம். எதை வரைவது என்பதுதான் பிடிபடாமலே இருந்தது. பீம்பேட்கா போய்வந்த பிறகு அந்தக் குழப்பம் தீர்ந்தது.

போபாலுக்குத் தெற்கே 45 கிலோமீட்டரில், தேக்குக் காட்டுக்குள் இருக்கிறது அந்த இடம்; ஆதிமனிதர்கள் ஓவியம் தீட்டிய பாறைக் குகைகள். ரயிலில் போய்க்கொண்டிருந்த தொல்லியலாளர் வி. எஸ். வாகண்கர் இந்தக் குன்றுகளைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தது 1957இல். 2003இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. வருகிறவர்கள் விலங்கு ஓவியங்கள் நிறைந்த ‘ஜூ ராக்’ பாறை முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். அதில் ஒரு விலங்கின் மேல் இன்னொரு விலங்கு. பழையதை அழிக்காமல் அதன் மேலேயே அடுத்தவர்கள் வரைந்திருக்கிறார்கள். எனக்குக் கால் நகராமல் போனது பன்றிப் பாறையில். பெரிய சிவப்பு உடல், பன்றி முகம், தலையில் கொம்பு. அதற்கு முன்னால் ஓடுகிற மனிதன் எவ்வளவு சிறியவன்! தன்னை அவ்வளவு சிறிதாக வரைந்துகொள்ள ஒருவருக்கு மனம் வந்திருக்கிறது. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

பாறையைத் தொடக் கூடாது, மேலே தாள் வைத்துப் பிரதி எடுக்கவும் கூடாது. தள்ளி நின்று நோட்டில் வரைந்துகொண்டேன்.

அப்புறம் துணி. ‘சுத்த லினன்’ என்று ஒரு கடையில் கலப்புத் துணியைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நூலை உருவி எரித்தால் தெரிந்துவிடும். நுனி உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. லினன் ஆளிச் செடி நாரில் நெய்வது; அது மட்டும் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தியும் அப்படித்தான் எரியும், ஆனால் லினன் நூலில் அங்கங்கே தடிப்பு இருக்கும், தொட்டாலே தெரியும். நல்ல துணி கிடைத்ததும் வாஷிங் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து அலசினேன். மெழுகும் கஞ்சியும் போனால்தான் நிறம் பிடிக்கும். லினன் சுருங்கும் என்பதால் அலசிக் காய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும். தோள் மட்டும் தைத்துப் பக்கங்களைத் திறந்தே விட்டேன். அப்போதுதான் துணி மேஜையில் தட்டையாகக் கிடக்கும்.

காவிக்கல் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. இடித்து, தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கிற செந்நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடிக்க வேண்டும். அது தெளிந்து, அடியில் வண்டலாகப் படிந்து காய்ந்தால் முகப்பவுடர் போல மென்மையான தூள். இரும்பு ஆக்சைடு வெயிலுக்கு வெளுக்காது, தண்ணீரில் கரையாது. பாறையில் இத்தனை ஆயிரம் ஆண்டு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அது சாயம் அல்ல. நாருக்குள் இறங்காது, மேலேயே உட்காரும். பிடித்துவைக்க ஏதாவது வேண்டும். சோயாப் பாலில் குழைத்தால் துணி மென்மையாகவே இருக்கிறது, ஆனால் நனைந்த வெள்ளைத் துணியால் தேய்த்ததும் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. துவைத்து உடுத்துகிற துணிக்கு அச்சுப் பட்டறைகளில் வைத்திருக்கும் பைண்டரே, அதாவது நிறத்தைத் துணியில் ஒட்டவைக்கும் பசையே சரி. அளவு கூடினால் துணி விறைக்கும், குறைந்தால் உதிரும்.

வரைவதுதான் இதில் சுகமான வேலை. லினன் தண்ணீரைச் சட்டென்று குடித்துவிடுகிறது. தூரிகை பாதியிலேயே வறண்டு, நூலின் தடிப்புகளில் தட்டித் தட்டிப் போகிறது. கோட்டின் நடுவே சின்னச் சின்ன இடைவெளி விழும். பாறையின் சொரசொரப்பிலும் கோடு இப்படித்தான் விட்டுவிட்டு இருக்கிறது. பலர் அந்த இடைவெளிகளை நிரப்பி, விளிம்பைச் சீராக்கி, கறுப்பில் கோடு கட்டிவிடுகிறார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. பாறை ஓவியத்தின் உயிரே போய்விடும். கழுத்திலிருந்து வால்வரை ஒரே வீச்சில் இழுத்தேன். முதுகு முழுவதும் பன்றி, இடது விலா ஓரம் அந்த மனிதன்.

நன்றாகக் காயவிட்டு, உள்பக்கமாகப் புரட்டிச் சூடான இஸ்திரி போட்ட பிறகே பக்கங்களைத் தைத்தேன். துவைப்பது குளிர்ந்த நீரில், கையால், உள்வெளியாகத் திருப்பி. முறுக்கிப் பிழியக் கூடாது. பல தடவை துவைத்தாகிவிட்டது. முழங்கை உரசும் விலா ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அடுத்த குர்தாவில் முழங்கை உரசும் இடத்தில் எதுவும் வரையப் போவதில்லை. அதில் ஜூ ராக் போல ஒன்றின் மேல் ஒன்றாக, காவி விலங்குகளின் மேல் வெள்ளையில் குதிரை வீரர்களை ஏற்ற வேண்டும். சுண்ணாம்புத் தூள் பைண்டரில் காய்ந்ததும் மங்கிவிடுவதால், டைட்டானியம் வெள்ளை வாங்கி வைத்திருக்கிறேன்.