நோபிள் பார்க்கில் ஒரு கோப்பிக்கடை

கடை திறப்பதற்கு ஓராண்டுக்கு முன்பு, மெல்பேர்னின் தென்கிழக்கே நோபிள் பார்க் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த வாங்கில் ஒரு குறிப்புப் புத்தகத்துடன் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தேன். வேலை இல்லாத செவ்வாயும் வியாழனும் காலை ஆறு மணிக்கு வந்து, ஒன்பது மணிவரை அந்த நடைபாதையில் போகிறவர்களை எண்ணினேன். எத்தனை பேர் போகிறார்கள், எந்தப் பக்கமாக நடக்கிறார்கள், எத்தனை பேர் கையில் ஏற்கெனவே கோப்பிக் குவளை இருக்கிறது என்று கோடு போட்டுக் குறித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் 212 பேர் கடந்து போனார்கள். அவர்களில் 19 பேர் கையில்தான் குவளை இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் கோப்பி குடிக்காதவர்களாக இருக்க முடியாது என்று அன்று மாலை கணவரிடம் சொன்னேன். கடைக்கான முடிவு அந்த எண்ணிக்கையிலிருந்துதான் பிறந்தது.

நான் பிறந்தது இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில். என் கணவர் வாகனம் திருத்துபவர். அவருடைய தொழில் விசாவில் 2011ஆம் ஆண்டு இங்கே வந்தோம். கோப்பிக்கடை வைக்கப்போவதாகத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்னா புள்ள, நம்ம ஆளுங்க மொதல்ல இந்த மலைக்கு ஏறுனதே கோப்பிக்காகத்தான். நீ கடல் தாண்டிப் போயி அதையேவா விக்கப் போற?" என்று கேட்டார். அவர் சொன்னது உண்மை. தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தது கோப்பித் தோட்டங்களுக்காகத்தான். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் கண்டு கோப்பி அழிந்த பிறகே மலை முழுவதும் தேயிலை ஏறியது. அப்பாயி காலத்தில் 'கோப்பிக்காலம்' என்ற சொல் மட்டும் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், மிஞ்சியிருந்தது. நாங்கள் குடித்தது தூள் தேயிலையில் பால் சேர்க்காமல் போட்ட பிளேன்டீ. ஆகவே கோப்பியைப் பற்றிப் பரம்பரையாக எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் இந்த நகரத்தில் கூலிக்கு நின்று கற்றது.

மெல்பேர்ன் கோப்பியை விட்டுக்கொடுக்காத நகரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த இத்தாலியக் குடியேறிகள், அழுத்தத்தில் கோப்பிச் சாறு இறக்கும் எஸ்பிரெசோ இயந்திரங்களையும் அந்தப் பழக்கத்தையும் இங்கே வேரூன்றச் செய்தார்கள்; பேர்க் வீதியில் 1954இல் திறந்த பெலெக்ரினீஸ் கோப்பிக்கடை இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. 2000இல் அவுஸ்திரேலியாவுக்கு வந்த அமெரிக்கக் கோப்பிக்கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸ், 2008இல் நாடெங்கும் இருந்த தன் 84 கடைகளில் 61ஐ மூடியது. அதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. நான் வேலை செய்து பார்த்தவரையில், முகத்தைக் கண்டதும் கோப்பியைப் போடத் தொடங்கிவிடும் கடைக்காரர் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கும் ஊரில், முகம் தெரியாத கடைக்கு வேலை இல்லை என்பதே முதன்மையான காரணம்.

இதை முன்வைத்துத்தான் உறவினர்களின் யோசனையை மறுத்தேன். டிகாக்‌ஷன், டபரா, பித்தளை வடிகட்டி என்று நம்முடைய கோப்பிக்கடையாகவே திறக்கவேண்டும் என்று பலர் சொன்னார்கள். அன்பினால் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் எண்ணிய அந்த 212 பேரில் வியட்நாமியர், கம்போடியர், ஆப்கானியர், கட்டட வேலைக்குப் போகும் வெள்ளையர், நம்மவர் எல்லோரும் இருந்தார்கள். அவர்கள் தினமும் குடிக்கும், எஸ்பிரெசோவில் பால் ஊற்றிய பிளாட் வைட்டை அவர்கள் ஒப்புக்கொள்ளும் தரத்தில் போடத் தெரியாதவள் தன் ஊர்ப் பானத்தை நீட்டினால், அதைப் புதுமைக்காக ஒருமுறை வாங்குவார்கள். மறுநாள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

அந்தத் தரத்தில் போட நான் முன்னரே கற்றிருந்தேன். முதலில் வேறொரு பகுதியில் ஒரு கடையில் ஆறு மாதம் பாத்திரம் கழுவினேன். அதன் பிறகே இயந்திரத்தின் அருகே என்னை விட்டார்கள். அங்கே ஐந்து ஆண்டுகள் கோப்பி போடும் பரிஸ்டாவாக நின்றேன். ஒவ்வொரு விடியலிலும் முதல் வேலை அரவையைச் சரிசெய்வது. 20 கிராம் தூளை அழுத்தி, இயந்திரத்தில் பூட்டி, கடிகாரத்தைத் தட்டிவிட வேண்டும். 28 விநாடிக்கு அண்மையில் 40 கிராம் சாறு இறங்க வேண்டும். 20 விநாடியிலேயே இறங்கிவிட்டால் அரவை பெரிது. நாக்கின் ஓரத்தில் புளிப்புக் கடிக்கும். 40 விநாடி இழுத்தால் அரவை பொடி. தொண்டையில் கசப்புத் தங்கும். சரியாக இறங்கும்போது அது எலிவால் போல மெல்லிதாகத் தொங்கி, கரும்பழுப்பிலிருந்து பொன்னிறத்துக்கு மாறும். கோடையில் காலை 18 பாகை செல்சியஸாக இருந்த நாள் மதியம் 38 பாகைக்கு ஏறினால், காலையில் சரியாக இருந்த அரவை மதியத்தில் சரியாக இருக்காது. பாலை 60 முதல் 65 பாகைக்குள் நிறுத்தவேண்டும். அதற்கு மேல் போனால் அதன் இயல்பான இனிப்புப் போய்விடும். ஆரம்பத்தில் வெப்பமானியைப் பார்த்தே நிறுத்தினேன். பிறகு பாத்திரத்தின் அடியில் வைத்த உள்ளங்கையே சொல்லிவிட்டது.

இவ்வளவு கற்றவள், கடையின் குத்தகையில் தவறிவிட்டேன். 2022 ஒக்டோபரில் கையெழுத்திட்ட இடம் அதற்கு முன் தையற்கடையாக இருந்தது. நிலையத்திலிருந்து இறங்குகிறவர்கள் நடக்கும் பக்கம், காலை வெயில் விழும் முகப்பு, கட்டக்கூடிய வாடகை என எல்லாம் பொருந்தியிருந்தன. "கடைதானே, எந்த வியாபாரமும் செய்யலாம்" என்று முகவர் வாயால் சொன்னதை நான் எழுத்தாகவே எடுத்துக்கொண்டேன். கையெழுத்திட்ட பிறகு வந்த குழாய்வேலைக்காரர் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, கையலம்பும் தொட்டிக்கான ஒற்றைக் குழாயைத் தவிர அங்கே எதுவும் இல்லை என்றார். உணவு சமைத்துப் பாத்திரம் கழுவும் கடையின் கழிவுநீர், எண்ணெயையும் கொழுப்பையும் பிரித்துப் பிடிக்கும் எண்ணெய்ப் பொறி வழியாகச் செல்லவேண்டும். அதற்குத் தண்ணீர் நிறுவனத்துடன் தனி உடன்பாடும் வேண்டும். கொங்கிறீற்றை வெட்டிக் குழாய் பதிக்கக் கட்டட உரிமையாளரின் சம்மதம், அதற்குரிய அனுமதி, வேலையாளுக்கான காத்திருப்பு என்று 14 வாரங்கள் போயின. ஒரு குவளைகூட விற்காமல் அந்த 14 வாரமும் வாடகை கட்டினேன். மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி அதில் கரைந்தது. அதை அவளிடம் சொல்லவேண்டிய இரவு, என் வாழ்வில் மிகக் கடினமான இரவுகளில் ஒன்று.

கடை வைக்க நினைக்கும் நம்மவர்களிடம் நான் மறுபடி மறுபடி சொல்வது இதைத்தான்: கையெழுத்திடும் முன் ஒரு குழாய்வேலைக்காரரையும் ஒரு சட்டத்தரணியையும் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். விக்டோரியா மாநிலத்தில் 2003ஆம் ஆண்டின் சில்லறைக் குத்தகைச் சட்டம் சிறு கடைக்காரருக்கு நல்ல பாதுகாப்புகளைத் தருகிறது. பொதுவாக ஐந்து ஆண்டுகளாவது இருக்கும் உரிமை உண்டு. குத்தகைப் பத்திரம் தயாரிக்கும் சட்டச் செலவையும் காணி வரியையும் உரிமையாளர் நம் தலையில் கட்ட முடியாது. ஆனால் வேலை முடியும்வரை வாடகை விலக்கு வேண்டும் என்று நாம் கேட்டு எழுதி வாங்காவிட்டால், எந்தச் சட்டமும் அதைத் தானாகத் தந்துவிடாது. நமக்குக் கேட்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. இடம் கிடைத்ததே பெரிது என்ற எண்ணம், வந்து பத்து ஆண்டுகள் ஆன பின்னும் எனக்கு இருந்தது.

உணவுக்கடைப் பதிவு அதற்கு ஒப்பிடுகையில் எளிது. 1984ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி நகரசபையில் பதிய வேண்டும். பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும். கை கழுவுவதற்கு மட்டுமென்று ஒரு தொட்டி வேண்டும். குளிர் உணவு 5 பாகைக்குக் கீழும் சூடான உணவு 60 பாகைக்கு மேலும் இருக்கவேண்டும். பரிசோதிக்க வந்த பெண் அதிகாரி இரண்டு மணி நேரம் நின்று ஒவ்வொன்றையும் விளக்கினார், எதையும் அவசரப்படுத்தவில்லை.

இயந்திரத்தைச் சொந்தமாகவே வாங்கினேன். கோப்பி வறுத்து விற்கும் நிறுவனங்கள் இயந்திரத்தை இரவலாகத் தருவது வழக்கம். பதிலுக்கு வாரத்துக்கு இத்தனை கிலோ அவர்களிடமே எடுக்கவேண்டும். வியாபாரம் எப்படிப் போகும் என்று தெரியாத முதல் ஆண்டில் அப்படி ஓர் எண்ணிக்கைக்குக் கட்டுப்பட எனக்குத் துணிவில்லை. என் கணவர் பழைய இயந்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு வார இறுதிகளில் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, இரப்பர் வளையங்களை எல்லாம் மாற்றிப் பூட்டினார். மெல்பேர்னின் தண்ணீர் மென்மையானது; சுண்ணாம்பு அதிகம் படிவதில்லை. அந்த இயந்திரம் இன்றும் ஓடுகிறது.

2023 மார்ச்சில் திறந்தேன். ஐந்து டொலருக்கு விற்கும் கோப்பியில் 45 சதக்காசு வரியாகப் போய்விடும். பால், தூள், குவளை, வாடகை, சம்பளம் எல்லாம் மீதியில்தான். ஞாயிற்றுக்கிழமை வேலையாளுக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுக்கவேண்டும், அது நியாயமும்கூட. எனக்குக் கட்டுப்படியாகாததால் ஞாயிறு கடையை மூடுகிறேன். முதல் வாரம் நாளொன்றுக்கு 40 குவளைகூடப் போகவில்லை. காலை 5.45க்கு வரும் கூரை வேலைக்காரர் ஒருவர் மூன்று சீனி போட்ட பெரிய கப்புச்சீனோ வாங்குவார். நான்காம் நாள் அவர் வண்டியை நிறுத்தும்போதே பாலைக் காய்ச்சத் தொடங்கினேன். அவர் உள்ளே வந்து, தயாராக இருந்த குவளையைப் பார்த்து, என் பெயரைக் கேட்டார். அதை இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொண்டு போனார். மறுநாள் தன்னுடன் வேலை செய்யும் மூவரை அழைத்து வந்தார்.

அந்த ஆண்டு ஜூலைக் குளிரில் எனக்கே தடிமன் பிடித்திருந்தது. சுக்கும் கொத்தமல்லியும் வறுத்து இடித்து, கோப்பித்தூளுடன் சேர்த்துக் கொதிக்கவைத்துப் பனங்கட்டியுடன் குடித்துக்கொண்டிருந்தேன். மணத்தைப் பிடித்து, அது என்ன என்று கேட்ட வியட்நாமியப் பாட்டிக்கு ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். மறுநாள் அவர் சூட்டுப்போத்தலுடன் வந்துவிட்டார். இப்போது ஜூன் முதல் ஓகஸ்ட் வரை சுவர்ப்பலகையின் கடைசி வரியில் அது இருக்கிறது. தமிழில் 'மல்லிக் கோப்பி' என்றும், அதன் கீழே ஆங்கில எழுத்திலும் மகள் எழுதியிருக்கிறாள். அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினோம். "தூள் கூடிப்போச்சு, மல்லி பத்தாது" என்று நிறத்தைப் பார்த்தே சொன்னார். மல்லியைக் கூட்டினேன், சரியாக இருந்தது.

2027 ஒக்டோபரில் குத்தகையின் ஐந்து ஆண்டுகள் நிறைவடைகின்றன. நீடிக்க விரும்புவதை எழுத்தில் அறிவிக்கவேண்டிய கடைசி நாளைச் சட்டத்தரணியிடம் கேட்டு, கல்லாவுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். அதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. வரும் கோடையில், என்னிடம் வேலை செய்யும் பெண் செவ்வாயும் வியாழனும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள, பழைய குறிப்புப் புத்தகத்துடன் அதே வாங்கில் மறுபடி உட்கார்ந்து எண்ணப்போகிறேன்.