ராக்கெட் உடம்புக்கு ஏற்ற எழுத்து

NASA என்ற நான்கு எழுத்தை வளைந்த கோடுகளால் எழுதிய நாசாவின் சிவப்புச் சின்னத்துக்குப் பட்டப்பெயர் ‘புழு’. அது 1992-ல் ஓய்வு பெற்றது. 2020 மே 30 அன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் மீது திரும்பி வந்தது. பழைய நினைவுகள்தான் அதைக் கூட்டிவந்தன என்று பலரும் சொல்கிறார்கள். அது பாதிக் காரணம்தான். உருண்ட, உயரமான உடம்பில் எழுத அதைவிடப் பொருத்தமான சின்னம் நாசாவிடம் இல்லை.

1959-ல் ஜேம்ஸ் மோடரெல்லி வரைந்த ‘மீட்பால்’ சின்னத்தில் நீல வட்டம், பொடிப்பொடியாக நட்சத்திரங்கள், சிவப்புச் சிறகு, மெல்லிய சுற்றுப்பாதைக் கோடு எல்லாம் உண்டு. நிறத்துக்கு நிறம் தனியாக மறைப்புப் போட்டு, காயவிட்டு, அடுத்ததை அடிக்க வேண்டும். 1975-ல் ரிச்சர்ட் டேன், புரூஸ் பிளாக்பர்ன் இருவரும் கொடுத்த புழுவில் ஒரே நிறம், ஒரே தடிமனில் ஓடும் கோடு. ‘ஏ’ எழுத்து இரண்டுக்கும் குறுக்குக்கோடு கிடையாது. அன்றைய நாசா தலைவர் ஜேம்ஸ் ஃபிளெட்சருக்கு அது உறுத்தியது. பெயின்ட் அடிப்பவருக்கோ அதுதான் வரம். நான்கு எழுத்திலும் மூடிய ஓட்டை ஒன்றுகூட இல்லை.

நாசாவின் நிலாப் பயணமான ஆர்ட்டெமிஸ் 2-க்கான ராக்கெட்டின் பக்கவாட்டு பூஸ்டர்களில் (கூடுதல் உந்துவிசை தரும் உருளைகளில்) 2024 ஜனவரியில் புழுவை எழுதினார்கள். லேசர் புரொஜெக்டரால் வடிவத்தை விழவைத்து, அதன் ஓரமாக டேப் ஒட்டி, இரண்டு கோட் பெயின்ட், அதற்கு மேல் நிறமற்ற பூச்சு சில கோட். எழுத்தின் உயரம் 6 அடி 10 அங்குலம், மொத்த நீளம் சுமார் 25 அடி.

இங்கேதான் வளைவு விளையாடுகிறது. பூஸ்டரின் விட்டம் 12 அடி. எழுத்துகள் நீளவாக்கில் படுத்திருப்பதால், அவற்றின் உயரம் உருளையைச் சுற்றி ஏறக்குறைய 65 பாகை வளைகிறது. நேர் எதிரே நின்று பார்த்தால் 6 அடி 6 அங்குலம் போலத்தான் தெரியும். ‘எஸ்’ எழுத்தின் நடுக்கோடு முழுத் தடிமனில் நிற்க, மேல்கோடும் கீழ்கோடும் சுமார் பத்தில் ஒரு பங்கு மெலிந்து தெரியும். தடித்த கோடு அதைத் தாங்கிக்கொள்கிறது. மீட்பாலின் மெல்லிய சுற்றுப்பாதைக் கோட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

இவ்வளவு பெரிய எழுத்தில் சொதப்புவது பெரும்பாலும் வளைவுகளில்தான். காகித டேப் அங்கே மடங்கிச் சுருங்கும், அந்தச் சுருக்கத்துக்குள் பெயின்ட் கசியும். வளைந்து கொடுக்கும் மெல்லிய வினைல் டேப்பை ஓரத்துக்கு ஒட்டி, அகலமான டேப்பை அதற்கு வெளியே ஒட்டுவது நல்லது. முதல் கோட் மெலிதாக இருக்கட்டும்; தடியாக அடித்தால் செங்குத்துப் பரப்பில் வழியும். பெயின்ட் முழுக்க இறுகிய பிறகு டேப்பை இழுத்தால் ஓரம் பல்பல்லாகப் பெயர்ந்து வரும். சிவப்பு சரியாகக் காயும் முன் மேல்பூச்சைப் போட்டால் தோல் போலச் சுருங்கும்.

ஃபால்கன் 9-ன் சிக்கல் வேறு. அதன் கீழ்ப்பாகமான முதல் அடுக்கு தரையிறங்கும்போது எஞ்சின் முன்னால் வர, தன் மண்ணெண்ணெய்ப் புகைக்குள்ளேயே பாய்ந்து கரி அப்பிக்கொள்கிறது. 2020-ல் புழுவைச் சுமந்த பி1058 என்ற முதல் அடுக்கு 19 முறை பறந்தது. பறக்கப் பறக்கச் சிவப்பு கரிக்கடியில் மங்கிப்போனது. 2023 டிசம்பரில், தரையிறங்கிய பின் கப்பலில் கரைக்கு வரும் வழியில், கடல் கொந்தளிப்பில் கவிழ்ந்து உடைந்தது.