ஸ்டென்ட் வைத்த பிறகு அப்பா தூங்கவில்லை

கும்பகோணத்தில் நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர் அப்பா. போன ஆவணியில் மாரடைப்பு வந்து, இதயக் குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். எக்கோ என்ற இதய ஸ்கேன் நன்றாக இருந்தது. ஆனால் தையல் மெஷின் மேல் அம்மா போர்த்திய பழைய வேட்டியை அவர் எடுக்கவே இல்லை.

இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வலது கை விரல்கள் இடது மணிக்கட்டில் நாடியைத் தொட்டபடி இருக்கும். "தூங்கினால் இது நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது, பாப்பா" என்றார் ஒருநாள்.

டிஸ்சார்ஜ் அன்று உப்பு, எண்ணெய், நடைப்பயிற்சி என்று எல்லாம் சொன்னார்கள். மனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த தூக்க மாத்திரையை இரண்டு நாள் போட்டார். மறுநாள் விடிகாலையில் குளியலறையில் தடுமாறி விழப் பார்த்தார். அதோடு நிறுத்தினோம்.

அடுத்த பரிசோதனைக்கு வேறு இதய மருத்துவரிடம் போனோம். அவர் இரண்டே கேள்விதான் கேட்டார்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? அப்பா தலை குனிந்தார். கண் நிறைந்துவிட்டது.

"எனக்கென்ன பைத்தியமா?" என்றவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. 1993-இல் மாண்ட்ரியலில் மாரடைப்பு வந்த 222 பேரைக் கவனித்தபோது, மனச்சோர்வு இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் கூடுதலாக இறந்தார்கள் என்று பிறகு படித்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்த இரவுகளை எண்ணிப் பார்த்தேன், உடம்பு சிலிர்த்தது.

அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மனச்சோர்வு மருந்துகள் இதயத் துடிப்பைக் குழப்பலாம் என்பதால் மனநல மருத்துவர் செர்ட்ராலின் என்ற வேறு மனச்சோர்வு மருந்தை எழுதினார். இதய நோயாளிகளுக்கு அது பாதுகாப்பானதா என்று 369 பேரிடம் சோதித்த ஆய்வு 2002-இல் வந்திருக்கிறது. ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிடுபவர் என்பதால், இதுவும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம், மலம் கறுப்பாகப் போனால் உடனே வரச் சொன்னார். மாலை ஆறு மணிக்குப் போட்ட நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். இரவு நான்கு முறை சிறுநீருக்கு எழுந்தது ஒன்றாகக் குறைந்தது. இதை யாராவது முன்பே கேட்டிருக்கலாமே!

தூக்கத்துக்கும் விதிகள் சொன்னார்: பகல் தூக்கம் கூடாது, எப்போது தூங்கினாலும் ஐந்து மணிக்கு எழ வேண்டும், தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்துவிட வேண்டும். முதல் பத்து நாள் அப்பா என்மீது எரிந்து விழுந்தார். ஆறாவது வாரம் வேட்டியை எடுத்துவிட்டு மெஷினுக்கு எண்ணெய் போட்டார்.

நேற்று இரண்டு மணிக்கு எழுந்தேன். திண்ணை காலியாக இருந்தது. உள்ளே அம்மா மட்டும் கண் விழித்து, அவர் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை அம்மாவையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.