லீவு கிடைத்துவிட்டது, பேஸ்லிப்தான் காட்டிக்கொடுக்கப் பார்த்தது

சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் கேஷுவலாக (நிரந்தரம் இல்லாமல், கொடுக்கும் ஷிஃப்டுக்கு மட்டும்) வேலை பார்க்கும் தோழிக்கு, குடும்ப வன்முறை லீவு வாங்கித் தருவதற்காக மூன்று வாரம் அலைந்து முடித்திருக்கிறோம். வீட்டில் நடந்தது அவருடைய விஷயம், அது இங்கே வேண்டாம். ஆபீஸ் பக்கம் எங்கே இடறினோம் என்பதை மட்டும் அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்.

வருடத்துக்குப் பத்து நாள் சம்பளத்தோடு லீவு. பெரிய நிறுவனங்களில் 2023 பிப்ரவரி 1 முதலும், பதினைந்து பேருக்குக் குறைவாக உள்ள இடங்களில் அதே வருடம் ஆகஸ்ட் 1 முதலும் ஆஸ்திரேலியாவில் இது சட்டம். இது தெரிந்துதான் போனோம். சூப்பர்வைசர் சொன்ன முதல் பதில்: "கேஷுவலுக்கு லீவே கிடையாதே." தவறு. முழு நேரம், பகுதி நேரம், கேஷுவல் எல்லோருக்கும் அதே பத்து நாள்தான். வாரம் மூன்று நாள் வேலை என்பதற்காக ஆறு நாளாகக் குறைக்க முடியாது. அடுத்த பதில்: "சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது, இன்னும் அவ்வளவு சேரவில்லை." அதுவும் தவறு. வருடாந்திர லீவு போல இது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதில்லை, வேலையில் சேர்ந்த முதல் நாளே பத்தும் கையில் இருக்கும். சேர்ந்த தேதி திரும்ப வரும்போது மறுபடி பத்து. மிச்சம் அடுத்த வருடத்துக்குப் போகாது, வேலையை விட்டால் காசாகவும் வராது.

கேஷுவலாக இருப்பவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் ரோஸ்டரை (ஷிஃப்ட் அட்டவணையை) ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேஷுவலுக்குச் சம்பளம், கொடுக்கப்பட்டு அவர் ஒப்புக்கொண்ட ஷிஃப்டுகளுக்கு மட்டும்தான். லீவு கேட்ட அன்று மாலையே ரோஸ்டர் செயலியில் இருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு மூன்று ஷிஃப்டும் மாயமாகிவிட்டன. "உங்களுக்கு ஓய்வு தேவைப்படும் என்று நினைத்து எடுத்துவிட்டோம்" என்றார்கள், ரொம்பக் கரிசனமாக. அப்படியே விட்டிருந்தால் மூன்று நாள் சம்பளமும் போயிருக்கும். பச்சை டிக்கோடு "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று தெரியும் ஸ்கிரீன்ஷாட் இருந்ததால் வாதமே தேவைப்படவில்லை.

ஆதாரம் கேட்க முதலாளிக்கு உரிமை உண்டு. போலீஸ் ரிப்போர்ட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க உரிமை இல்லை. நியாயமான ஒருவர் நம்பும்படி ஏதாவது ஒன்று போதும்: போலீஸ் அல்லது கோர்ட் தந்த காகிதம், உதவி அமைப்பின் கடிதம், இல்லாவிட்டால் சத்தியப் பிரமாணம், அதாவது ஸ்டாட் டெக். எச்ஆர் "ஏவிஓ (கோர்ட் தரும் பாதுகாப்பு உத்தரவு) நகல் அனுப்புங்கள்" என்று இரண்டு முறை மெயில் போட்டது. தோழி அப்போது போலீஸுக்கே போயிருக்கவில்லை. அதனால் ஸ்டாட் டெக் என்று முடிவாயிற்று.

இங்கே ஒரு பயணம் வீண். படிவத்தை வீட்டுச் சமையலறையிலேயே நிரப்பிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டு ஃபார்மஸிக்குப் போனோம். ஃபார்மஸிஸ்ட் சாட்சிக் கையெழுத்துப் போடலாம், அது சரிதான். ஆனால் அவர் கண்முன்னால்தான் நாம் கையெழுத்திட வேண்டும். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். புதுப் படிவம், மறுநாள், மறுபடி பஸ். இப்போது மைகவ் என்ற அரசு இணையதளம் வழியாக ஆன்லைனிலேயே செய்யும் வசதியும் இருக்கிறது. போனோ ஈமெயிலோ கணவர் கைக்கும் போகும் வீடாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

முதல் தடவை ஒன்றரைப் பக்கம் எழுதி சூப்பர்வைசருக்கு மெயிலில் அனுப்பியிருந்தோம். அவ்வளவு தேவையில்லை. குடும்ப வன்முறைக்கு ஆளாகியிருக்கிறேன், அதைச் சமாளிக்க இன்ன தேதியில் இன்ன வேலை இருக்கிறது (வக்கீல், வீடு மாறுவது, கவுன்சிலிங், டாக்டர், கோர்ட்), வேலை நேரத்துக்கு வெளியே அதைச் செய்ய இயலாது. நான்கு வரி. யார் அடித்தார், எங்கே அடித்தார் என்றெல்லாம் எச்ஆருக்குத் தெரிய வேண்டியதில்லை. பொய்ப் பிரமாணத்துக்குச் சிறைத் தண்டனை உண்டு என்பதால் எழுதும் நான்கு வரியும் உண்மையாக இருக்கட்டும்.

நடுவில் ஆபீஸிலிருந்து ஒரு கேள்வி: "கணவர் செய்யவில்லையே, மாமியார்தானே?" மாமியார், மாமனார், கணவரின் உடன்பிறந்தவர்கள் எல்லோரும் நெருங்கிய உறவு என்ற வரையறைக்குள்தான் வருகிறார்கள். ஒரே வீட்டில் குடியிருப்பவர் உறவே இல்லை என்றாலும் சேர்த்தி. நம் வீடுகளில் பாதிப் பேர் இந்தச் சந்தேகத்திலேயே கேட்காமல் இருந்துவிடுகிறார்கள்.

பேஸ்லிப் விஷயம்தான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. 2023 பிப்ரவரி 4 முதல், இந்த லீவைப் பற்றிய எதுவும் பேஸ்லிப்பில் இருக்கக் கூடாது. எடுத்த நேரமும் கூடாது, மீதி இருப்பும் கூடாது. சம்பளம் போடுவதற்கு முந்தின நாள் மாதிரியை அனுப்பச் சொன்னோம். நடுவில் "எஃப்டிவி லீவு 7.6" என்று, அதாவது குடும்ப வன்முறை லீவு 7.6 மணி நேரம் என்று, பளிச்சென்று நின்றது. "சாஃப்ட்வேர் தானாகப் போடுகிறது" என்று பதில். அந்த பேஸ்லிப் போகும் ஈமெயில், வீட்டுக் கடனுக்காக இருவரும் சேர்ந்து வைத்திருப்பது. மாற்றச் சொல்லி, சாதாரண வேலை நேரம் என்று ஆக்கினார்கள். இரண்டாவது மாதிரியில் அந்த வரி போயிருந்தது, அடியில் இருப்புப் பட்டியலில் "எஃப்டிவி 7 நாள்" அப்படியே இருந்தது! அடிவரை பாருங்கள். நீங்கள் கேட்டால் வேறு வகை லீவு என்றும் காட்டலாம். கேஷுவலுக்கு அது ஆபத்து: வருடாந்திர லீவே இல்லாதவர் பேஸ்லிப்பில் அப்படி ஒன்று வந்தால் வீட்டில் கேள்வி வரும்.

ரோஸ்டர் பார்ப்பவர் "உங்கள் வன்முறை லீவு அனுமதிக்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் அனுப்பியது தனிக்கதை. பூட்டிய திரையிலேயே தெரியும். முதல் மெயிலிலேயே "எந்தத் தகவலும் இந்த எண்ணுக்கு வேண்டாம், வேலை நேரத்தில் நேரில் மட்டும்" என்று எழுதிவிடுங்கள். நாங்கள் அதை மூன்றாவது மெயிலில்தான் எழுதினோம்.

நாட்களைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். கோர்ட் முதல் தேதியில் பெரும்பாலும் எதுவும் முடியாது, வாய்தாதான். வக்கீலோடு இரண்டு மணி நேரம் என்றால் அந்த இரண்டு மணி மட்டும் எடுக்கலாம், ஆனால் அதற்கு முதலாளி சம்மதிக்க வேண்டும். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். குடும்ப வன்முறை உதவி எண் 1800 737 732, நாள் முழுக்க உண்டு. மொழிபெயர்ப்பாளருக்கு 131 450. தமிழ்ச் சமூகம் இங்கே சின்னது. மொழிபெயர்ப்பாளர் உங்கள் கோயிலுக்கு வருபவராகவே இருக்கலாம். அதனால் தொலைபேசி வழியாக, வேறு மாநிலத்தவராகக் கேளுங்கள். அவரிடம் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு ஷிஃப்டுக்கு முதலில் வெறும் அடிப்படைச் சம்பளம்தான் போட்டார்கள். வேலை செய்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அந்த முழுத் தொகை, வார இறுதிக் கூடுதலோடு தர வேண்டும். அடுத்த சம்பளத்தில் வந்துவிட்டது.

முதலில் அனுப்பிய அந்த ஒன்றரைப் பக்கம் மட்டும் சூப்பர்வைசரின் மெயில் பெட்டியில் இன்னும் கிடக்கிறது. அழித்துவிட்டு எழுத்தில் உறுதி செய்யுங்கள் என்று கேட்டு ஒன்பது நாள் ஆகிறது.